வாடை தெரியல

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே கால் மணி. கல்லூரி நூலகத்தில், புதிதாக வந்த புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்கிற பழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. எடுத்ததும், "உன் அண்ணி விழுந்துட்டாளாம்" என்றான்.

"எங்க?"

"ஆபீஸ்ல. மோந்து பாக்குற ரூம்ல."

"அடி பலமா?"

எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற பிள்ளையைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அடியெல்லாம் இல்லையாம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்களாம். போயிட்டாளாம்."

விரல் நுனியில் இருந்த எண் சீட்டை எந்தப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும் என்பது மறந்துபோயிற்று. மருத்துவமனையில் அண்ணன் என் கையைப் பிடித்தபோதுதான், அது இன்னும் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

அன்று காலைதான் அண்ணியிடம் பேசியிருந்தேன். அவர்கள் இருவரும் மாடியில், நான் கீழ்வீட்டில். ஆபீஸ் வண்டிக்காகப் படியிறங்கும்போது தினமும் என் ஜன்னலைத் தட்டிவிட்டுப் போவார். அன்று தட்டிவிட்டு நின்றார்.

"நாத்தனாரே, சாயங்காலம் மேல வா. ஒரு மூக்கு கடன் வேணும்."

"ஏன், உங்க மூக்கை அடகு வச்சுட்டீங்களா?"

"அது ஆபீஸ் மூக்கு. எனக்கு ஒரு வெளி மூக்கு வேணும். சளி கிளி பிடிச்சுக்காம வந்து சேரு."

தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. "வந்துட்டேன்யா, உயிரை வாங்காதே" என்று இங்கிருந்தே கத்திக்கொண்டு, தோள்பை இடுப்பில் மோத மோத ஓடினார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் அந்தக் காலையில் அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அண்ணிக்கு மூக்குதான் பிழைப்பு. உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்தான். ஆனால் கம்பெனி தன் பட்டத்தை வேலைக்கு எடுக்கவில்லை, மூக்கைத்தான் எடுத்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்த மூக்கின் பவிசு எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கூடத்தில் வந்து உட்கார்ந்தவர், கொஞ்சம் தயங்கி, "இங்க மழையில நனைஞ்ச புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நான் நூலகப் புத்தகம் ஒன்றை நனைத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்துக் காயவைத்திருந்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்து மாட்டப்போவது தான்தான் என்று பாவம் அவனுக்கு அப்போது தெரியாது.

அவனுக்கு சிகரெட் பழக்கம் உண்டு. நாலு தெரு தள்ளி நின்று பிடித்துவிட்டு, ஏலக்காய் மென்று, கைகழுவி, சட்டையை உதறி, நல்ல பிள்ளையாகப் படியேறி வருவான். கதவைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"வந்துடுச்சுய்யா புகைவண்டி! எந்த பிளாட்பாரத்துல நின்னுட்டு வருது?"

"உனக்கு மட்டும் எப்படித்தான் மூக்குல வேர்க்குதோ."

"என் மூக்குல வேர்க்கிறது இருக்கட்டும். உங்க நுரையீரல்ல என்ன வேர்க்குதுன்னு யோசிங்க."

திட்டு தாங்காமல் அவன் பழக்கத்தையே விட்டுவிட்டான். பல வருஷம் விட்டிருந்தான்.

அண்ணி வேலை பார்த்த இடம் ஊர் விளிம்பில், தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடம். ஒன்றின் பின்புறம் மூட்டை மூட்டையாக வெங்காயத் தோல் வந்து இறங்கும். சமையலறைகளிலும் சந்தைகளிலும் உரித்துப்போட்ட தோல். அதிலிருக்கிற நல்லதைப் பிரித்தெடுத்து, கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் போட்டு, பாலிலும் பிஸ்கட்டிலும் கலப்பதற்கான பொடியாக்குவதுதான் அவர்களின் வேலை. "வெங்காயத்தை உரிக்க உரிக்க உள்ள ஒண்ணுமில்லன்னு பழமொழி சொல்றாங்க. உரிச்சு எறிஞ்ச தோல்லதான் எல்லாம் இருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல பாரு" என்பார்.

அது என்ன "நல்லது" என்று ஒருமுறை கேட்டேன். ஓர் ஆப்பிளை இரண்டாக நறுக்கினார். ஒரு பாதியில் எலுமிச்சைச் சாற்றைத் தடவினார், மறு பாதியை அப்படியே வைத்தார். சும்மா வைத்த பாதி சற்று நேரத்தில் பழுப்பானது.

"காத்து அதைத் தின்னுது. நம்ம உடம்புக்குள்ளயும் இப்படி ஒரு தேய்மானம் நடந்துகிட்டேதான் இருக்கு. செடிகொடி எல்லாம் தன்னைக் காப்பாத்திக்கறதுக்குன்னு ஒரு சரக்கைத் தோல்ல சேர்த்து வச்சிருக்கு. அதைத்தான் எடுக்கறோம்."

"அப்போ அதைச் சாப்பிட்டா சாவே வராதா?" என்று அண்ணன் வம்புக்கு இழுத்தான்.

"மருந்து இல்லங்க இது, சாப்பாடு. வந்தவரைக்கும் லாபம்."

அந்தச் சரக்கு லேசில் மசியாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். வயிற்று அமிலத்தில் இறங்கினால் பாதி காணாமல் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி வாடை. எவ்வளவு சுத்தம் செய்தாலும் சாற்றோடு வெங்காய வாடையும் ஒட்டிக்கொண்டு வரும். வெங்காயம் மணக்கிற பாலை யார் குடிப்பார்கள்? அதனால்தான் உறை. பால் புரதத்தைக் கொண்டு சாற்றைச் சிறுசிறு உருண்டைகளாகப் பொதிவார்கள். தலைமுடி ஒன்றின் தடிமனைப் பல நூறாகக் கூறுபோட்டால் என்ன வருமோ அதுதான் ஓர் உருண்டையின் அளவு. நானோ துகள் என்று கம்பெனி அட்டைகளில் அச்சிட்டிருந்தார்கள். அண்ணி அதைச் சட்டை என்றுதான் சொல்வார்.

"எப்பேர்ப்பட்ட நல்லவனுக்கும் ஒரு நாத்தம் இருக்கும். ஒரு சட்டை மாட்டி அனுப்பினா சபையில மரியாதையா உக்காந்துட்டு வருவான்."

சட்டை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அண்ணியின் பொறுப்பு. அங்கே வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது. காரணம், எல்லோருக்கும் "வெங்காய மூக்கு". நாள் முழுக்க அந்தத் தோலோடு கிடந்து அவர்களுக்கு வெங்காயம் மணப்பதே நின்றுபோயிருந்தது. உலர்த்தும் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்கிற டிரையர்காரர்தான் அவர்களில் மூத்தவர். கூரையைத் தொடுகிற எவர்சில்வர் கூம்பு அந்த இயந்திரம். மேலிருந்து கரைசலைத் தூவினால், சூடான காற்றில் விழும்போதே காய்ந்து, அடியில் முகப்பவுடர் மாதிரிக் கொட்டும். "லீவு நாள்லகூட என் மேல வெங்காயம் மணக்குதுன்னு வீட்டுக்காரி சொல்றா. எனக்குத் தெரிஞ்சா தானே!" என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார்.

ஆகவே அண்ணிக்கு மட்டும் எதிர்க்கட்டடத்தில், இரட்டைக் கதவு போட்ட தனி அறை. அங்கே சோப்பு வாசனை கூடாது, எண்ணெய் கூடாது, பூச்சு கூடாது. புதிதாக வந்த பொடியை வெதுவெதுப்பான பாலில் கலந்து கிண்ணங்களில் வைப்பார்கள். அண்ணி ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு வெளியே வந்து இரண்டு வார்த்தைகளில் ஒன்றைச் சொல்வார். "தெரியுது" என்றால் தோல்வி. "தெரியல" என்றால் வெற்றி.

"உலகத்துல எங்க போனாலும் தெரியலன்னு சொல்றவனை மக்குன்னுவாங்க. எங்க ஆபீஸ்ல மட்டும்தான் தெரியலன்னு சொன்னா கை தட்டுவாங்க" என்பார்.

பல வருஷம் அவர் "தெரியுது"தான் சொன்னார். அந்த நாட்களில் பொடியை வீட்டுக்கும் கொண்டுவருவார். மூன்று கிண்ணங்களில் பால் ஊற்றி, ஒன்றில் மட்டும் பொடியைக் கலந்து, அடியில் ஏதேதோ எண் எழுதிய சீட்டை ஒட்டி, எங்கள் முன்னால் வைப்பார். எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். அண்ணன் மூன்றையும் முகர்ந்துவிட்டு, "எல்லாம் பால்தான், ஆளை விடு" என்பான். "புகை போட்ட மூக்கு. இதுக்குப் பதிலா ரெண்டு ஓட்டையைச் சும்மாவே வச்சிருக்கலாம்" என்பார் அண்ணி.

பிறகு ஒருநாள் புரத உறைக்குமேல் மாவுச்சத்தால் இன்னொரு உறையும் போட்டுப் பார்த்தார்கள். அன்று மாலை அண்ணி படியேறும்போதே, "தெரியல! தெரியல!" என்று கூவிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு அம்மா பதறிப்போய் எட்டிப் பார்த்து, "என்னம்மா தெரியல? வழியா?" என்று கேட்டார். அன்று எங்கள் மூன்று கிண்ணங்களில் என்னாலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றும் வெறும் பால். அண்ணி அந்தப் பாலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாயைத் துடைக்காமலே சிரித்தார்.

அதற்குப் பிறகு கிண்ண விளையாட்டு நின்றுவிட்டது. பரீட்சை பாஸான பிள்ளைக்கு எதற்கு டியூஷன்?

ஆனால் ஆபீஸில் வேலை நிற்கவில்லை. அவர்கள் மேலாளருக்கு "இன்னும்கொஞ்சம்" என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் அவர் வாயில் வருவது அதுதான். வாடைதான் வெளியே வரவில்லையே, அதே உறைக்குள் இன்னும் கொஞ்சம் சாறு ஏற்றலாமே என்றார். ஏற்றினார்கள். அண்ணி முகர்ந்துவிட்டு "தெரியல" என்றார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். "தெரியல." ஒவ்வொரு முறையும் கைதட்டல். "சட்டை அதே சைஸ்தான். உள்ள இருக்கிற ஆள் மட்டும் பெருத்துகிட்டே போறான். ஆனா ஒரு தையல் பிரியல, பாரேன்!" என்று என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

அடுத்த கட்டம் வெளியாட்கள். கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களை அழைத்து, பாலைக் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். அவர்களும் "தெரியல" என்றால் பெரிய அளவில் உற்பத்தி. இல்லையென்றால் அத்தனை வருஷ உழைப்பும் குப்பை. அந்த நாள் இந்த மாதக் கடைசியில் வைத்திருந்தார்கள். மேல்வீட்டுக் காலண்டரில் அண்ணி வட்டம் போட்டிருந்த ஒரே தேதி அது.

வீட்டில் என்ன மாறியது என்று இப்போது யோசித்தால் வரிசையாக வருகிறது. அப்போது ஒன்றும் வரவில்லை. பால் அடிப்பிடித்துக் கருகும்வரை அடுப்பின் முன்னாலேயே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அணைத்தேன். "வீட்டுக்கு வந்தா மூக்குக்கு லீவுடி. சம்பளம் தர்ற இடத்துலதான் வேலை பார்க்கும்" என்றார். சிரித்தோம். மழை வருமுன்பே மண்வாசனை வந்துவிட்டது என்று துணி எடுக்கச் சொல்கிறவர், இப்போதெல்லாம் துணி நனைந்தபிறகு ஓடினார். வயசாகிறது என்றோம். தலைவலி என்றார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றோம். அண்ணனை அவர் முன்போல் திட்டுவதில்லை. இத்தனை வருஷம் கழித்துத்தான் இரண்டு பேரும் ஒரு நிதானத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது.

மருத்துவமனை நடைவழியில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அண்ணன், நான், அண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த டிரையர்காரர், இன்னும்கொஞ்சம். முகர்ந்து பார்க்கும் அறையில் நாற்காலி சாயும் சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தபோது கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்ததாம். மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படம் வெளியே வருவதற்குள் உயிர் போய்விட்டது.

டாக்டர் ஒரு பெண். எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்காமல், படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூக்குக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று இருந்தது. எலுமிச்சம்பழம் போல.

"திடீர்னு வந்தது இல்ல இது. வருஷக்கணக்கா, மெல்ல மெல்ல வளர்ந்திருக்கு. இந்த இடத்துல கட்டி வந்தா முதல்ல அடிபடறது வாசனை நரம்பு. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா போறதால பல பேருக்குத் தனக்கே தெரியாது." பிறகுதான் எங்களைப் பார்த்தார். "அவங்க எப்பவாவது வாசனை தெரியலன்னு சொன்னாங்களா?"

டிரையர்காரர் சுவரில் முதுகை வைத்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"தினம் சொன்னாங்க டாக்டர்" என்றார். "தினம் சொன்னாங்க. நாங்க கை தட்டினோம்."

டாக்டருக்குப் புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணனிடம் திரும்பி, தலைவலி உண்டா, வாந்தி உண்டா, குணத்தில் மாற்றம் உண்டா என்று கேட்டார். அண்ணன் அதற்கெல்லாம் பதில் சொல்லாமல், வேறு யாரிடமோ பேசுகிற மாதிரிச் சொன்னான்.

"நான் திரும்ப சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சேன். அவ ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுக்குள்ளயே பிடிச்சேன், பால்கனியில. சொல்லவே இல்ல. போனாப் போகுதுன்னு விட்டுட்டான்னு நெனச்சேன். பாசம்னு நெனச்சேன்."

இன்னும்கொஞ்சம் மட்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு வந்தவர்கள், போனவர்கள், நாற்காலிகள், பாத்திரங்கள். அண்ணன் கீழே என் வீட்டிலேயே படுத்துக்கொண்டான். சமையல், காபி எல்லாம் கீழேதான். மேல்வீட்டுக் கதவை, மாற்றுத் துணி எடுக்க ஒரு தரம் திறந்ததோடு சரி. அவன் அழவில்லை. திடீர் திடீரென்று ஏதாவது கேட்பான். "போன வருஷம் அவளுக்கு சென்ட் வாங்கிக் குடுத்தேனே, நல்லாயிருக்குன்னு சொன்னாளே, எதை வச்சுச் சொன்னா?" என்றான் ஒருமுறை. நல்லாயிருக்கு என்று சொல்லும்போது அண்ணி எதை நினைத்துக்கொண்டார்? முகர்ந்தோம், வரவில்லை, ஆனால் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாரா? இல்லை, நினைவிலிருந்த ஏதோ ஒரு வாசனை வந்து உதவியதா?

துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்ந்த ஒரு மத்தியானம் டிரையர்காரர் வந்தார். கையில் ஐஸ் பெட்டி.

"மாசக் கடைசியில வெளியாட்கள் வர்றாங்க. மேனேஜர் சார் தேதியை மாத்தலன்னு சொல்றாரு. மேடம் நினைவா நடத்துவோம்னு சொல்றாரு. எனக்குத் தூக்கம் வரலம்மா."

"ஏன்?"

"இத்தனை வருஷம் மேடம் தெரியல, தெரியலன்னு சொன்னாங்களே, அது எங்க பொடி நல்லா வந்ததாலயா, இல்ல அவங்களுக்குத் தெரியாம போனதாலயா? எனக்கு மூக்கு கெடையாது. அங்க ஒருத்தனுக்கும் கெடையாது. வெளியாட்கள் வந்து, ஒரே மொடக்குல துப்பிட்டாங்கன்னா? மேடம் செஞ்சது மொத்தமும் பொய்யின்னு ஆயிடாதா? பேரைச் சொல்லி நடத்திட்டு, அதே பேரைக் குப்பையில போட்டாங்கன்னா?"

ஒவ்வொரு முறை பொடி தயாரானபோதும் ஒரு சிறு பொட்டலத்தை ஒட்டி, குளிரில் பத்திரப்படுத்துவது அவர்கள் வழக்கம். அந்த வரிசையைத்தான் கொண்டுவந்திருந்தார், இரட்டை உறை போட ஆரம்பித்த முதல் பொட்டலத்திலிருந்து.

அண்ணன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தான். "நான் மோந்து பாக்கறேன். அன்னிக்கிலருந்து நான் ஒண்ணும் பிடிக்கல."

என் சமையலறையில் பாலைச் சூடாக்கினேன். ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். டிரையர்காரர் கலக்கிக் கொடுக்க, அண்ணனும் நானும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தோம். யாரும் அடுத்தவர் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

முதல் பொட்டலம். வெறும் பால்.

"தெரியல" என்றேன். "தெரியல" என்றான் அண்ணன். அந்த வார்த்தையைச் சொன்னதும் அவன் உதடு கோணியது.

அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. டிரையர்காரர் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தமும் கரண்டிச் சத்தமும் தவிர அறையில் வேறு சத்தமில்லை. இன்னொன்று. அதிலும் பால்தான். எனக்கு மெல்ல மூச்சு வந்தது.

பிறகு ஒரு கிண்ணத்தில் ஏதோ நின்றது. வெங்காயம் என்று சொல்ல முடியாது. வெங்காயம் நறுக்கிய கத்தியை நன்றாகக் கழுவி வைத்தபிறகும் நிற்குமே, அது. கண்ணைத் திறந்தேன். அண்ணன் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுது" என்றான்.

அடுத்ததில் அது கூடியிருந்தது. அதற்கடுத்ததில் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோகவே தேவையில்லை. பெட்டியில் கடைசியாக இருந்ததைப் பிரித்தபோது சமையலறை வெங்காய மண்டி ஆகிவிட்டது. வெங்காயத்துக்கு மூக்கு இல்லாத டிரையர்காரர் எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

வாடை தொடங்கிய பொட்டலத்தை எடுத்து அதன்மேல் எழுதியிருந்த தேதியைப் படித்தார். முந்தின வருஷத்துக்கும் முந்தின வருஷம், மழைக்காலம்.

அண்ணன் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த மழையிலதான் பால்கனியில நின்னு முதல் தடவ பத்த வச்சேன். பாதியில அவ வந்துட்டா. கையைப் பின்னால மறைச்சுகிட்டேன், இன்னிக்கு செத்தோம்னு நெனச்சேன். பக்கத்துல வந்து நின்னா. நல்லா மூச்சை இழுத்துவிட்டா. 'காத்து என்ன சுகமா இருக்குல்ல'ன்னா."

அவன் அப்போதுதான் அழுதான். இத்தனை நாளில் முதல் தடவை. வெங்காயத்தின் நடுவே நின்று அழுதான்.

டிரையர்காரர் அவனைத் தேற்றவில்லை. பொட்டலங்களை மறுபடி வரிசையாக அடுக்கினார். வாடை தொடங்குமுன் இருந்தவற்றை ஒருபுறமாகத் தள்ளி, அவற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இதுவரைக்கும் நெஜம்" என்றார். "இதுவரைக்கும் மேடம் மூக்கும் நெஜம், சட்டையும் நெஜம். அதுக்கப்புறம்தான் நாங்க ஏத்திகிட்டே போயிட்டோம். நிறுத்துன்னு சொல்ல ஆள் இல்லாம போயிடுச்சு."

அங்கேயே மேலாளருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"இல்ல சார். இன்னும் கொஞ்சம் இல்ல. கொஞ்சம் கம்மி. ரெண்டு வருஷத்துக்கு முந்தின அளவு. அதுலதான் கொடுக்கணும்... ஆமா சார், அவங்க வீட்லதான் இருக்கேன்... ரெண்டு பேர் மோந்து பார்த்தாச்சு சார். வெளி மூக்கு."

போனை வைத்தார். "சரின்னுட்டார்" என்றார்.

வெளி மூக்கு என்ற வார்த்தை எங்கோ கேட்டதுபோல் இருந்தது. அன்று காலை என் ஜன்னலோரம் நின்று அண்ணி சொன்னது என்று நினைவுக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று. வந்ததும் என் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

டிரையர்காரர் ஐஸ் பெட்டியை மூடப்போனவர், மறுபடி எண்ணிப் பார்த்தார். "ஆகக் கடைசியா போட்ட பொட்டலம் ஒண்ணு இதுல இருந்திருக்கணுமே. விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடம் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. எதுக்கு மேடம்னு கேட்டேன். சும்மான்னாங்க."

மூன்று பேரும் மாடிக்குப் போனோம். அண்ணன் சமையலறைக் கதவைத் தள்ளினான். அண்ணி விட்டுப்போன அன்று காலை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. குளிர்பெட்டிக்குள் தட்டு போட்டு மூடிய இரண்டு கிண்ணங்கள், இரண்டிலும் திரிந்துபோன பால். அடியில் எண் ஒட்டியிருந்தது. மூன்றாவது கிண்ணம் மேடைமேல் இருந்தது. அதற்கும் எண் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அந்தப் பொட்டலம், பிரிக்கவில்லை. கிண்ணத்தில் பால் ஊற்றியிருக்கவில்லை.